கழற்றி வைத்த சக்கரங்கள்

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அந்தக் காலோடுதான் படித்தேன், சிவகங்கைப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தேன், சுரங்கத்தில் ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊன்றுகோலோடு டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கியே பத்து வருஷம் கழிந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் இரும்புச் சட்டம் வைத்து, பக்கத்துக்கு ஒரு சின்னச் சக்கரம் பொருத்திய வண்டி. முதல் நாள் நானே ஓட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் நின்றபோது, என்னை யாரும் தூக்கிவிடாமல் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவன் எனக்குத் தம்பி மாதிரி. கம்மாபுரத்துக்காரன். அனல் மின் நிலையத்தில் ஃபிட்டர். ஓய்வு நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலையும் பார்த்தான். வண்டி வந்த வாரமே விண்ணப்பப் பாரங்களோடு வீட்டுக்கு வந்தான்.

"நம்ம வண்டி இடிச்சா அடிபட்ட ஆளுக்கு மட்டும் குடுக்கற பாலிசி வேணாண்ணே. முழுசா போட்டுடுவோம். ஓரச் சக்கரத்தையும் பாலிசியில எழுதிடறேன். நாளைக்கு வண்டியில என்னா போனாலும் கம்பெனி குடுத்துடும். நீங்க நிம்மதியா இருங்க."

நான் பாரத்தைப் படிக்கவில்லை. அவன் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. என் மனைவி ஊருக்குப் போயிருந்த நாட்களில் அவன் வீட்டில்தான் சாப்பாடு. எனக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன் அவன்தான்.

வண்டி வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். அவன் தங்கைக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மறுநாள் பேசி முடிக்க வேண்டும்.

"பஸ்ல போய் எறங்குனா மதிக்க மாட்டாங்கண்ணே. வண்டியக் குடுங்க. நாளைக்கு சாயங்காலம் வந்துடறேன்."

"ஓரச் சக்கரத்தோட உனக்கு ஓட்ட வராதேப்பா."

"அத நான் கழட்டிக்கிறேன். நாலு போல்ட்டுதானே."

ஸ்பானரை எடுத்து வந்து அவனே கழற்றினான். சட்டங்களையும் சக்கரங்களையும் தோட்டத்துப் பக்கச் சுவரோரம் சாய்த்து வைத்தான். உள்ளே வைத்துவிடேன் என்றேன். "கிரீசு ஒட்டிக்கினு கெடக்கு, அண்ணி இப்பதான் வூடு கழுவி வுட்டிருக்காங்க. இங்கயே இருக்கட்டும், யாரு எடுக்கப்போறாங்க" என்றான். தன் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினான். நான் வாசலில் நின்று கையசைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கக் கிளம்பிய என் மனைவி தோட்டத்துப் பக்கம் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தாள். தோட்டத்து வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு முள் விலகியிருந்தது. சக்கரங்களும் சட்டங்களும் இல்லை, சுவரோரம் கிரீஸ் கறை மட்டும் இருந்தது.

அவன் சாயங்காலம் வந்தான். சம்பந்தம் முடிந்த சந்தோஷத்தில் இனிப்புப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவன், விஷயத்தைக் கேட்டதும் அந்தச் சுவருக்கு எதிரே போய்க் குந்தி, கிரீஸ் கறையை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கவலப்படாதீங்கண்ணே. இதுக்குத்தான பாலிசி போட்டு வச்சிருக்கோம்."

போலீசுக்குக் கொடுக்க வேண்டிய புகாரை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவனே எழுதினான். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மேற்படி சக்கரங்களைப் பழுது பார்ப்பதற்காக நானே கழற்றி வைத்திருந்தேன் என்று இருந்தது.

"நானா கழட்டினேன்?"

"ஏஜெண்டே கழட்டிட்டு வண்டிய எடுத்துகினு போனான்னு எழுதுனா ஆயிரம் கேள்வி வரும்ணே. என் ஏஜென்சியும் போயிடும், உங்க க்ளெய்மும் நின்னுடும். இப்படி எழுதுனா சுலபமா முடிஞ்சிடும்."

என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பொய் எதுக்குங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்குப் போன பாரத்திலும் அதே வாசகம், அதே கையெழுத்து.

மறுநாளிலிருந்து எனக்கு ஆபீஸ் போக வழி இல்லை. அதற்கும் அவனே வழி சொன்னான். ஓரச் சக்கரம் இல்லாத வண்டியை அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம். என்னை டைம் ஆபீசில் இறக்கிவிட்டு அப்படியே தன் ஷிப்டுக்குப் போனான். திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வந்தான். ஷிப்டு மாறிய வாரங்களில் நான் பஸ்ஸில் போனேன், வண்டி அவனோடு போயிற்று. வீட்டில் சும்மா நின்றால் எஞ்சின் கெட்டுவிடும் என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நாளில் அவன் மனைவி கடைக்குப் போவதும், அவன் கம்மாபுரம் போய்வருவதும் என் வண்டியில்தான். எங்கள் பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் என்னிடமே, "உங்க பக்கத்து வீட்டுக்காரர் உங்களை வண்டியில கூட்டிட்டுப் போறாரே, நல்ல மனுஷன்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். "ஃபைலு மேல போய்கினு இருக்குண்ணே. இந்த மாசம் வந்துடும்."

அப்படி நான்கு மாதம் போயிற்று. மழைக்காலத்தில் ஒரு நாள் ஷிப்டு மாறிய வாரத்தில், பஸ் படியில் என் ஊன்றுகோல் வழுக்கி விழுந்தேன். முழங்கை கிழிந்தது. அது பெரிதில்லை. கண்டக்டரும் இன்னொரு ஆளும் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். பத்து வருஷமாகப் பழகியிருந்த அந்தத் தூக்கல், ஒரு வருஷம் வண்டி ஓட்டிய பிறகு என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவனிடம் சொல்லாமல் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். என்னவென்று நேரிலேயே கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவன்மேல் அப்போது எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மாடியில் இருந்தது. படியேறி மூச்சு வாங்க நின்ற என்னை அங்கிருந்த அதிகாரி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஃபைலை எடுத்துப் புரட்டினார்.

"இது தள்ளுபடி ஆயிடுச்சே சார்."

"எப்போ?"

"நீங்க பாரம் குடுத்த அடுத்த மாசமே. பாகம் வண்டியில மாட்டியிருக்கும்போது திருடு போனாத்தான் இந்த பாலிசியில குடுக்க முடியும். கழட்டித் தனியா வச்சதுக்குக் கெடையாது. நீங்களே கழட்டி வச்சிருந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"எனக்குக் கடிதம் எதுவும் வரலையே."

அவர் ஃபைலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடிதத்தின் நகலில், நேரில் ஒப்படைப்பதற்காகப் பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே அவன் கையெழுத்து. நான் விழுந்த நாளுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முந்தைய தேதி.

"இந்த விதி ஏஜெண்டுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாம எப்படி இருப்பாரு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் வடலூர் வந்தது, போனது, எதையும் நான் பார்க்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவன் சொன்ன "இந்த மாசம் வந்துடும்" ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தேன். எந்த இடத்தில் சொன்னான், அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். ஒன்றில்கூட அவன் முகம் மாறியதாக நினைவு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவன் தன் வாசலில் என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கடலூர் போயிட்டு வர்றேன்" என்றேன்.

துணியோடு கை அப்படியே நின்றது.

"கடிதத்த ஏன் எங்கிட்ட குடுக்கல?"

"சொன்னா மனசு ஒடஞ்சிடுவீங்கன்னுதாண்ணே. அப்பீலு பண்ணலாம்னு பாத்துகினு இருந்தேன்."

"பண்ணினியா?"

அவன் துணியை உதறி மடித்தான். அவன் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"உனக்கு விதி தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என்னக் கையெழுத்துப் போட வச்சிருக்க."

"நான் உங்க கையப் புடிச்சா போட வச்சேன்? நீங்கதானே படிச்சுப் பாத்துட்டுப் போட்டீங்க" என்றான். குரலை உயர்த்தாமல், கணக்குத் தீர்ப்பவன்போலச் சொன்னான். அதுவரை என்னிடம் அந்தக் குரலில் அவன் பேசியதில்லை.

"சாவியக் குடு" என்றேன். கொடுத்தான். வண்டியை என் வாசலுக்கு உருட்டி வர என்னால் முடியாது. என் மனைவி வந்து தள்ளிக்கொண்டு போனாள்.

விஷயத்தைக் கேட்ட என் மேலதிகாரி, அவன்மேல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்கச் சொன்னார். இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். சக்கரங்களைக் கழற்றியவன் அவன் என்று எழுத வேண்டுமென்றால், போலீசுக்கும் கம்பெனிக்கும் நான் பொய் எழுதிக் கொடுத்தேன் என்பதையும் எழுத வேண்டும். அவன் என்னை அப்படிக் கட்டிப்போட்டிருந்தான். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கோபத்தைவிட அப்போது அவமானம்தான் அதிகமாக இருந்தது.

பண்ருட்டியில் ஒரு பட்டறைக்காரர் புதுச் சக்கரங்களைச் செய்து கொடுத்தார். தை பிறந்த பிறகு மறுபடி ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவன் வாசலைக் கடந்துதான் ரோட்டுக்குப் போக வேண்டும். அவன் வெளியே நின்றால் உள்ளே போய்விடுவான். பெண்கள் இருவரும் மட்டும் வேலியோரம் நின்று பேசிக்கொள்வார்கள். என் மனைவியை நான் தடுக்கவில்லை. தங்கையின் கல்யாணப் பத்திரிகையை அவன் மனைவிதான் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் போகவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் வேறு பிளாக்குக்கு மாறிப் போனார்கள்.

கடிதத்தை வாங்கிய அன்றே என்னை ஏமாற்ற அவன் முடிவு செய்தானா, இல்லை நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, வண்டியின் சுகத்தில் சொல்ல மனம் வராமல் போனதா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். என் மனைவி இரண்டாவதுதான் என்பாள். அவளுக்கு மனிதர்களை அப்படிப் பார்க்க முடிகிறது. எனக்கு முடியவில்லை. அவன் பின்னால் உட்கார்ந்து, விழுந்துவிடாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போன காலைகள் நினைவுக்கு வந்தால், இப்போதும் கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன்.