உர்சுலாவின் எண்ணூறு வெள்ளிப் போர்வை

மலேசியாவின் கிள்ளானில் வசிக்கும் உர்சுலா, துண்டுத் துணிகளை இணைத்துக் கையாலேயே மெத்தைப் போர்வை தைப்பவர். தோழியின் மகள் பிரெண்டா, தன் கல்யாணத்துக்கு ஒன்று கேட்டாள். துணிக்கும் பஞ்சுக்குமே கைக்காசு முந்நூறு வெள்ளி போனது. நான்கு மாதம் ஊசி குத்திக் குத்தி விரல் நுனிகள் மரத்துப்போயின.

போர்வையைக் கொண்டுபோய்க் காட்டி, எண்ணூறு என்றதும் பிரெண்டாவின் முகம் மாறியது.

“ஆன்டி, ஆன்லைன்ல இதே மாதிரி தொண்ணூறு வெள்ளிதான் லா.”

“அது மெஷின்ல தச்சதும்மா.”

“பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு? வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் கொறைங்க.”

உர்சுலாவுக்குச் சுருக்கென்றது.

“அப்ப அதையே வாங்கிக்கோ,” என்று போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் அதைத் தன் கட்டிலில் விரித்தார். எரிச்சல் அடங்கவில்லை. மின்விசிறி மட்டுமே சுழலும் அந்த அறையின் புழுக்கத்தில், அதைப் போர்த்திக்கொள்ளவும் முடியவில்லை.