எண்ணெய்த் தலைகளுக்கு இடமில்லாத ஒலிக்கூடம்

எண்பதுகளின் நடுவில் மாதுங்காவில் எங்கள் கல்லூரியும் செம்பூரில் ஒரு கல்லூரியும் சேர்ந்து ஜெர்மன் வகுப்புக்காக ஒரு லாங்வேஜ் லேப் அமைத்தன. இயந்திரங்களும் ஹெட்போன்களும் செம்பூரில் இருந்தன. கேசட்டுகள் எங்களுடையவை, நான்தான் பையில் எடுத்துச் செல்வேன். அந்த லேபின் பொறுப்பாளர் அங்கே ஜெர்மன் கற்பித்த அம்மையார். முதல் நாளிலிருந்தே எங்கள் மாணவர்களை அவருக்குப் பிடிக்கவில்லை.

என் மாலை வகுப்பில் தாராவியிலிருந்து ஒருவர் வந்தார். தோல்பை பட்டறை வைத்திருந்தார். ஜெர்மன்காரர்கள் சரக்குப் பார்க்க வரும்போது தரகர் இரண்டு பக்கமும் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்கிறார் என்பது அவருடைய சந்தேகம். தானே பேச வேண்டும் என்று படித்தார். எழுத்தில் சுமார்தான். காதால் கேட்டுப் பழகினால் தேறிவிடுவார்.

ஒருநாள் அம்மையார் வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

"தலையில அரைப்படி எண்ணெய். ஹெட்போன் ஸ்பாஞ்செல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. இவா மாதிரி ஆளுங்களை உள்ளே விட முடியாது சார்."

"எண்ணெ வைக்காம வெளிய கிளம்புனா எங்க உம்மா ஏசும் மேடம்" என்றார் அவர்.

"அப்போ உம்மாகிட்டயே ஜெர்மன் கத்துக்கோங்கோ."

நான் வாதாடினேன். அம்மையார் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் பட்டறைக்காரர் மொட்டைத் தலையோடு வந்தார். "பேன் விழுந்துட்டுன்னு உம்மாகிட்ட சொல்லிட்டேன் சார்" என்று சிரித்தார். அம்மையார் அந்தத் தலையைச் சற்று நேரம் பார்த்தார்.

"மொட்டைன்னா வேர்க்குமே" என்றார்.

எண்ணெய் ஒரு சாக்கு என்பது அப்போது எனக்கு உறுதியானது. நான் உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் போட்டு, வரிசை மாறாமல் பையில் அடுக்கினேன். அவருடைய மாணவர்கள் ஹெட்போனைக் கழற்றாமலே விழித்தார்கள்.

"கேசட் இல்லாம எங்க பசங்க எதைக் கேப்பாங்க?"

"ஸ்பாஞ்சைக் கேக்கட்டும் மேடம்."

இரு கல்லூரிகளின் கூட்டு அத்தோடு முடிந்தது. வகுப்பறையில் என் டூ-இன்-ஒன்னில் கேசட் போட்டேன். பக்கத்தில் ரயில் போகும்போதெல்லாம் பாதி வாக்கியம் காணாமல் போனது. தேர்வில் பட்டறைக்காரர் எழுத்தில் தேறினார், கேட்டலில் தோற்றார். அடுத்த முறை ஜெர்மன்காரர் வந்தபோது அதே தரகரைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

தலைமுடி முழுதாக வளர்ந்திருந்தது. எண்ணெய் வைத்திருந்தார்.