பச்சைப் பெட்டியும் உப்புக் கிணறும்

எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீருக்குக் குறையே இருந்ததில்லை. வாயில்தான் வைக்க முடியாது. உப்பு. குளிக்கலாம், மாட்டைக் கழுவலாம், எரிச்சல் தீரக் கல்லை விட்டு எறியலாம். குடிக்க வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூரின் மறுகோடியில், பருத்தி ஜின்னிங் மில் முதலாளியின் வீட்டுக்கு எதிரே இருந்த நகரசபைக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். என் அக்கா நடந்தாள். விடியலில் நடந்தாள், வெயில் சாய்ந்ததும் நடந்தாள். பித்தளைக் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் மேற்கு மலையில் அருவிகள் வெள்ளிக் கோடுகளாக இறங்கும். தெருவில் நின்றபடியே பார்க்கலாம். பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த மில் முதலாளிதான் எங்கள் வார்டு மெம்பர். வெள்ளைக்காரன் காலத்துத் தேர்தல். வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. எழுத்துத் தெரியாதவர்களுக்காக வேட்பாளருக்கு ஒரு நிறமாகப் பெட்டி வைப்பார்கள். மறைவுக்குப் போய், வேண்டியவர் நிறத்தில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். போன தடவை முதலாளிக்குப் பச்சை. ஆண்டாள் கையில் கிளி இருக்கிற ஊரில் பச்சையைத் தோற்கடிக்க யாரால் முடியும்?

இந்தத் தடவையும் பச்சை தனக்குத்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். தேர்தல் என்று பேச்சு வந்ததுமே எங்கள் தெரு ஓட்டுக்காரர்களை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சூடத்தைக் கொளுத்தி வைத்து, "பச்சைப் பெட்டியிலதான் போடுவேன்" என்று சொல்லி, ஒவ்வொருவரையும் உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொன்னார். எதிர்த்து நிற்க ஆளே இல்லாத நேரம். அணைத்துவிட்டார்கள். வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்று எங்கள் வீட்டையும் அக்கா வீட்டையும் மட்டும் கூப்பிடவில்லை.

அதன் பிறகுதான் அத்தான் நின்றார். அக்காவின் கணவர், மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தெருவுக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, அது ஒன்றுதான் அவருடைய பேச்சு. அப்புறம் நகரசபை ஆபீசில் நிறத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். முதலாளிக்குச் சிவப்பு விழுந்தது. அத்தானுக்குப் பச்சை.

நான் ஆபீசிலிருந்து ஓடியே வந்தேன். தேர் நிலைக்கு வந்தது போல நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு. கடவுளே பெட்டிக்கு வர்ணம் அடித்துக் கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் தெருவே அக்கா வீட்டு முற்றத்தில் கூடிவிட்டது. எல்லோருக்கும் அத்தானுக்கே போட ஆசை. அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

வயதில் மூத்த பால்காரர் தொடங்கினார். "கம்பவுண்டரையா, நாங்க சூடம் அடிச்சது பச்சைக்கு. இப்பப் பச்சை உம்ம பெட்டி. அதுல போட்டா ஆத்தா கோவிக்க மாட்டாள்லா?"

அத்தான் சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டே கேட்டார். "சூடம் அடிக்கையில மனசுல யாரை நெனைச்சிய?"

"மொதலாளியத்தான்."

"அப்பொறம் என்கிட்ட எதுக்குக் கேக்கிய?"

"அத்தான்!" என்று கத்தினேன். "செத்த நேரம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க!"

"இரு மாப்ளே. நம்ம வேதப்படி நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதுக்காக, பண்ணுனவங்களை ஏமாத்தச் சொல்லவும் மாட்டேன்."

பால்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓட்டு கேக்க நின்ன மனுசன் ஓட்டு வேண்டாங்காரு. இப்படி ஒரு கூத்த எங்கயாச்சும் பாத்திருக்கியளா?"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "மருந்துல தண்ணி கலக்குத ஆளுக்கே தண்ணியோட அருமை தெரியலயே!"

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அக்கா மட்டும் அடுப்படி வாசலில் நின்றபடி, சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தல் வரைக்கும் நான் வீடு வீடாக ஏறினேன். "யாருக்குத் தெரியப் போகுது, மறைவுக்குள்ளதான போடுதிய?" என்றேன். "ஆத்தாவுக்கு மறைவு ஏது தம்பி?" என்றார்கள். கோபித்தேன், கெஞ்சினேன், கூமாப்பட்டியில் பெண் எடுத்த ஒருவரிடம் அவர் மாமனாரைக் கொண்டுகூடச் சொல்லிப் பார்த்தேன். சுவரோடு பேசியிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த பால்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு ஜெயித்தது. எங்கள் தெரு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

முதலாளி எதையும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. கிணறு வெட்டித் தருகிறேன் என்று அவரை ஒரு சூடம் அடிக்கச் சொல்ல, அன்று கோயிலில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகும், அது என் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது. யாரைத் திட்டுவது? தீக்குப் பயந்தவர்களையா, தீயைக் கொளுத்தியவரையா, தீயே வேண்டாமென்ற என் அத்தானையா? மலையையே திட்டியிருக்கிறேன். அது பாட்டுக்கு மேகத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்.

ஓட்டு எண்ணிய மறுநாள் விடியலில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானோடு ஒரு மூச்சுச் சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் அக்கா குடத்தைத் தேய்த்து முடித்திருந்தாள். அதை இடுப்பில் வைக்கவில்லை. அவர் முன்னால் கொண்டுபோய் நங்கென்று வைத்தாள்.

"நியாயம் உங்க நியாயம். நடக்கிறது என் காலு. இன்னையிலிருந்து அதையும் நீங்களே நடந்துக்கோங்க."

அத்தான் எழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஆண்பிள்ளை குடம் தூக்கிப் போவதைத் தெருவே வாயில் கைவைத்துப் பார்த்தது. பால்காரர் கறப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"ஏலே, நீ என்ன மரமா நிக்க?" என்று அக்கா இன்னொரு குடத்தை என் கையில் திணித்தாள்.

வழி முழுக்க அவரை வைதுகொண்டேதான் பின்னால் நடந்தேன். முதலாளி வீட்டெதிரே கிணற்றைச் சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். அத்தான் வாளியை இறக்கினார். கயிறு ஓடி ஓடி, வெகு ஆழத்தில் போய்த் தண்ணீரைத் தொட்டது.