மாவு மூடிய கோழி

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை பார்த்த பேச்சாயிக்கு, அங்கே இரும்பு அடுப்புப் பெட்டிக்குள் வேகும் கோழியைத் தன் சிநேகிதிகளுக்கும் ஆக்கிப் போட ஆசை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அந்தப் பெட்டிக்கு எங்கே போவாள்? சட்டியில் கோழியும் கிழங்கும் பாலும் போட்டு, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை அப்பி, மேலும் கீழும் தணலைப் பரப்பினாள்.

"மூடியத் தொறந்தா கைய ஒடிச்சிருவேன்" என்று அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த சிநேகிதிகளை மிரட்டிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

திரும்பி வந்தால், மூடி அப்படியே இருக்கிறது. சுற்றியிருந்த மாவைத்தான் காணோம்.

"தொறக்கலக்கா" என்றாள் ஒருத்தி, வாயெல்லாம் கரியாக.

பேச்சாயி அகப்பையை ஓங்கினாள். மூடியின் அடி ஓரத்தில் குழம்பு ஊறி முறுகிய மாவுத் துண்டொன்று மிச்சமிருந்தது. அதைப் பிய்த்து வாயில் போட்டதும் அகப்பை தானாகத் தாழ்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் விருந்துக்கு வந்தார்கள். யார் கையிலும் கோழி இல்லை, ஆளுக்கொரு பொட்டலம் மாவு.