மைக்கில் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்ல வேண்டுமென்றால் பாஸ்டர் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். தண்டையார்பேட்டையில் ஒரு பஞ்சர் கடைக்கு மேலே மாடி ஹால். முப்பது பேர் உட்கார்ந்தாலே மூச்சு முட்டும். நான் மைக்கைப் பிடித்தால் போதும், ஃபேன் சத்தத்தையும் மீறி அல்லேலூயா கிளம்பும்.

"ராயபுரம் பாலத்தடியில குடிச்சிட்டுக் கெடந்தவன் நானு. ஒரு ஞாயித்துக்கெழம முட்டி போட்டேன். அந்த நிமிஷமே ஆண்டவர் என் நாக்குலேர்ந்து அந்த ருசியையே எடுத்துட்டாரு!"

பாலத்தடி நிஜம். முட்டி போட்டதும் நிஜம். அந்தக் கடைசி வரி மட்டும் என் சொந்தச் சரக்கு. முதல் தடவை உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். குடியை விட்டுவிட்டேன், ஆனால் ஆசை போகவில்லை. கண்டெய்னர் யார்டில் வேலை முடிந்து கிளம்பினால் அதுவும் கூடவே கிளம்புகிறது. ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டேதான் வீடு போய்ச் சேருகிறேன் என்றேன். ஒரு ஆள் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா "ச்சு" கொட்டினார். அடுத்த வாரமே வரியை மாற்றிவிட்டேன். கைதட்டலுக்கு அலைகிற புத்தி, வேறென்ன சொல்ல!

சனிக்கிழமை சாயங்காலங்களில் அதே ஹாலில், குடியை விட நினைப்பவர்களுக்காக நான் ஜெபக்கூட்டம் நடத்துகிறேன். அதற்குத்தான் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற ஒருவர் வந்தார். என்னைவிடச் சின்னவர். கண்ணெல்லாம் மஞ்சள். கல்லீரல் போய்விட்டது, இனிமேல் தொட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்திருந்தார். மனைவிதான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது போலக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

மூன்று மாதம் ஆள் தங்கமாக இருந்தார். கண்ணில் மஞ்சள்கூடக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை என் சாட்சியை வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். முடிந்ததும் படிக்கட்டில் மடக்குவார்.

"நெசமாவே ருசியே பூடுச்சாண்ணா?"

"பூடுச்சுப்பா. நீயும் விசுவாசி" என்பேன்.

போன மாதம் திடீரென்று ஆளைக் காணோம். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து நான் சோற்றில் கை வைத்தபோது அவர் மனைவி வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"திரும்ப ஊத்திக்கினாருண்ணா. வூட்டுக்கே வர மாட்றாரு. கடலாண்ட கல்லு மேல குந்திகினு கீறாரு. கூப்ட்டா மூஞ்ச திருப்பிக்கிறாரு. வயிறு வேற வீங்கிகினு கீது. நீ சொன்னா கேப்பாரு, போயி இட்டுனு வாண்ணா. இல்லாங்காட்டி செத்துருவாருண்ணா."

எனக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். எத்தனை ஜெபம், எத்தனை கண்ணீர், எல்லாவற்றையும் ஒரு குவார்ட்டரில் கரைத்துவிட்டானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். திருவொற்றியூரில் கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கற்களின் மேல், அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ரோட்டுப் பக்கத்துக் கல்லில் ஏறி நின்று கத்தினேன்.

"அறிவு கீதா உனக்கு? வூட்ல அது அழுதுகினு கீது. சாவப் போறியா?"

"செத்தா இன்னா? ஆண்டவருக்கே நான் வோணாம்."

"எவன் சொன்னான்?"

"நீதான் சொன்னே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார்.

"உனக்கு ஒரே நிமிஷத்துல ருசிய எடுத்துட்டாரு. நான் மூணு மாசமா ஐஸ் ஒடச்சிகினே அழுதேண்ணா. ஒரு நாளு கூட எடுக்கல. டெய்லி நாக்கு கேக்குது. அப்போ இன்னா அர்த்தம்? உன்ன அவருக்குப் புடிச்சிகீது, என்னப் புடிக்கல. அப்பறம் யாருக்காவ நான் வுடணும்?"

திட்ட வந்தவன் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன். மத்தியானக் காற்று கடலிலிருந்து நேராக என் முகத்தில் அடித்தது.

"எனக்கும் எடுக்கலடா" என்றேன்.

"டபாய்க்காதண்ணா. எனக்காவ சொல்ற."

"உனக்காவ இல்ல. ஒரு நாளும் எடுக்கல. டெய்லி சாயங்காலம், இன்னிக்கு மட்டும் தாங்குப்பான்னு அவராண்ட அழுதுகினுதான் வூட்டுக்குப் போறேன். தாங்குறாரு. விழாம புடிச்சிக்கிறாரு. அவ்ளோதான் எனக்கு நடந்துது."

"அப்போ மைக்க புடிச்சி சொன்னதெல்லாம்?"

"பொய்."

அவர் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. அவமானம் ஒரு பக்கம், இந்த மனிதன் கையை விட்டுப் போகிறானே என்கிற பயம் ஒரு பக்கம். வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டேன்.

"இப்போ, இந்த நிமிஷம், உம் மேலேர்ந்து வாடை வருதே, அதுக்கு என் வாயில எச்சி ஊறுதுடா! உன்னாண்ட மிச்சம் எதுனா கீதான்னு கேக்கச் சொல்லுது. பாரு!"

கையை நீட்டிக் காட்டினேன். அது வெடவெடவென்று நடுங்கியது. அவர் என் கையையே வெகுநேரம் பார்த்தார். திட்டுவார், காறித் துப்பிவிட்டுப் போவார் என்று காத்திருந்தேன். துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் தள்ளாடி எழுந்தார். பாறைகளைப் பிடித்துப் பிடித்து என்னைத் தாண்டி ரோட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"நீ கடல் பக்கமா தள்ளிக் குந்துண்ணா" என்றார் துணிக்குள்ளிருந்து. "நான் அங்க குந்தினா காத்து என் வாடைய உம் மேலியே கொண்டாந்து போடுது."