சிலம்பக் கம்புகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கதை

1. ஃபேனை நிறுத்திய நாள்

மாஸ்டர் ஏழுமலை எங்கள் ஆபீசுக்குள் நுழைந்த முதல் நாளே ஃபேனை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. தோளில் ஒரு கட்டு மூங்கில் சிலம்பக் கம்பு. உள்ளே வரும்போது ஒரு முனை சுவரில் இருந்த காலண்டரைக் கிழித்தது. மறுமுனை வெளியே நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியில் இடித்தது.

"இன்னா மாஸ்டர், அடிக்க வந்தீங்களா, டிக்கெட் போட வந்தீங்களா?" என்றேன்.

"டிக்கெட்தான் மேடம். ஆஸ்திரேலியால சிலம்பப் போட்டி. நானும் புள்ளைங்க ஆறு பேரும் போறோம். இதுங்களும் வரணும்" என்று கட்டைத் தட்டினார்.

சத்துவாச்சாரியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் எனக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை லெதர்காரர்கள்தான் சோறு போடுகிறவர்கள். இத்தாலி கண்காட்சியா, சரக்கு வாங்கும் ஹாங்காங் பையரோடு மீட்டிங்கா, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரூட் சொல்வேன். அவர்கள் கொண்டுபோவது ஒரு கோட்டும், பை நிறையத் தோல் சாம்பிளும். கம்பு கொண்டுபோகிற பார்ட்டி இதுவரை வந்ததில்லை. எனக்கோ புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

"அங்க போயி வாங்கிக்க முடியாதா?"

"எங்க மேடம் வாங்குறது? கம்பு அவங்கவங்க நெத்தி உயரம் இருக்கணும். புள்ள ஒரு வருசமா கையில புடிச்சுப் பழகுன கம்பு. அது போகலன்னா இவங்க போயே பிரயோஜனம் இல்ல."

அவருடன் வந்திருந்த காவ்யாவை எழுப்பி நிற்க வைத்தேன். பள்ளிகொண்டாப் பெண், பன்னிரண்டாவது படிக்கிறாள். அம்மா மல்லிகா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். கம்பைப் பக்கத்தில் நிறுத்தினால் சரியாக அவள் நெற்றியில் வந்து நின்றது. "குடு பாக்கலாம்" என்று வாங்கி நானும் ஒரு சுற்று சுற்றினேன். பிரிண்டரின் மூடி பெயர்ந்து விழுந்தது. காவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மானம் போனாலும் அந்தக் கம்பின் கனமும் வளைவும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

2. விமானத்துக்கு வயிற்றுக் கதவு எவ்வளவு?

சென்னை, சிங்கப்பூர், மெல்போர்ன் வரை பெரிய விமானம். விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கம்புக் கட்டு ஏறிவிடும். ஆளுக்கு ஒரு கம்பு, மாஸ்டருக்கு ஒன்று, அதற்கு மேல் முடியாது என்றார்கள் விமானக் கம்பெனியில்.

மாஸ்டரை, "நீங்கதான் ஆடப் போறதில்லையே, உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது இல்லாம நான் வெளியூர் போனதே இல்ல மேடம்" என்றார். அவர் குருநாதர் கொடுத்த கம்பாம். அவருக்கும் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

போட்டி நடப்பது மெல்போர்னைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். கடைசிப் பயணத்துக்கு ஒரு குட்டி விமானம் இருந்தது. எல்லாரும் அதைத்தான் போடுவார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்த விமானத்தில் சாமான் ஏற்றும் கதவு எவ்வளவு பெரியது? அந்தக் குட்டி விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசியவருக்குப் புரியவில்லை. "உங்கள் பயணிகள் உள்ளே உட்காரலாம் அம்மா" என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். "பயணிங்க மடங்கி உட்காருவாங்க சார், கம்பு மடங்காது" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வழியாக விசாரித்துவிட்டு, அவ்வளவு நீளம் ஏறாது என்றார். அந்தக் கடைசித் துண்டுக்கு பஸ் போட்டேன்.

3. பலகையோடு பலகையாக

அடுத்த தலைவலி, அந்த நாட்டில் மரம், மூங்கில் என்றால் பூச்சி இருக்கிறதா என்று சல்லடை போட்டுப் பார்ப்பார்கள். என்ன செய்வது என்று யோசிக்கும்போது பஷீர் பாய் ஞாபகம் வந்தது. ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றில் ஷிப்பிங் பார்க்கிறவர்.

"இதுக்கா இவ்ளோ பேஜார் ஆவுறே ஸ்டெல்லாம்மா? தோலு போற கன்டெய்னர்ல அடியில மரப் பலகை வெக்கிறோமில்ல? அதுல பூச்சி இருந்தா கன்டெய்னரையே திருப்பிடுவான். அதனால ஃப்யூமிகேஷன் பண்ணித்தான் அனுப்புறோம். பலகையோட பலகையா உன் கம்பையும் போட்டுடலாம். நம்ம ஆளுங்க சர்டிபிகேட் குடுப்பாங்க."

மாஸ்டர் கம்புக் கட்டோடு போனபோது, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க நானும் கூடப் போனேன். கம்பெனி யார்டில் பலகைகளை அடுக்கி, மேலே பெரிய ஷீட் போர்த்தி, ஓரமெல்லாம் மண் மூட்டையால் அழுத்தி, உள்ளே மருந்துப் புகை விடுகிறார்கள். பக்கத்தில் போக விடவில்லை. புகை போடுகிற ஆள் கம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் ஜாஸ்தி. மருந்து உள்ள எறங்காது. தொடச்சி எடுத்துக்கினு வாங்க" என்றார். எண்ணெய் விட்டு வளர்த்த கம்பாச்சே என்று மாஸ்டர் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். முடிந்ததும் கட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி சீல் வைத்துக் கொடுத்தார்கள். "ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் பிரிக்கக் கூடாது" என்று நான் மாஸ்டரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

4. மஞ்சள் புள்ளி

புறப்படும் நாள் காலையில் வேன் ஆம்பூரில் கிளம்பி, பள்ளிகொண்டாவில் காவ்யாவை ஏற்றிக்கொண்டு, டிக்கெட்டும் பேப்பர்களும் வாங்க என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கிழிந்து கிடக்கிறது. ஏழு கம்புக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முனையில் பச்சை வேப்பிலை கட்டியிருக்கிறது!

"யாரு பண்ண வேலை இது?" என்று கத்தினேன்.

"எங்கம்மா" என்றாள் காவ்யா. "வேன் வந்து நின்னதும் எங்கூரு கோயில்ல வெச்சி கும்புட்டாங்க. எனக்கு மட்டும் பூசுனா மத்த புள்ளைங்க ஏங்கும்னு எல்லாத்துக்கும் பூசிட்டாங்க மேடம்."

"ஏன் மாஸ்டர், நீங்க இன்னா பண்ணிட்டிருந்தீங்க?"

"சாமி காரியம் மேடம். எப்படி வேணான்னு சொல்றது?"

திட்டி என்ன ஆகப்போகிறது? மறுபடி புகை போட நேரமில்லை. வேப்பிலையைப் பிய்த்து எறிந்தோம். ஈரத்துணி எடுத்து எல்லாரும் நடுரோட்டில் உட்கார்ந்து துடைத்தோம். ஆறு கம்புகளில் மஞ்சள் சுத்தமாகப் போய்விட்டது. காவ்யாவின் கம்பில் மட்டும் ஒரு கணு ஓரமாகச் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் நின்றன. தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. இது மட்டும் ஏன் இப்படி என்று மண்டையைக் குடைந்தது. ஆனால் வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

காவ்யாவின் கையைப் பிடித்துச் சொன்னேன்: "அங்க எறங்குனதும் மரச் சாமான் இருக்கான்னு கேப்பாங்க. இருக்குன்னு சொல்லு. சீல் பிரிச்சோம், மஞ்சள் பூசினோம்னு அதையும் சொல்லு. மறைச்சாத்தான் வம்பு."

"கம்ப புடுங்கிக்குவாங்களா மேடம்?" அவள் கண் கலங்கிவிட்டது. தெரியாது என்றே சொன்னேன்.

5. போன் வந்தது

மெல்போர்னிலிருந்து மாஸ்டர் பேசினார். சொன்னபடியே காவ்யா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதிகாரி ஆறு கம்புகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காவ்யாவின் கம்பை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"அந்த மஞ்சப் புள்ளி எல்லாம் ஓட்டை மேடம். பூச்சி துளைச்ச ஓட்டை. எண்ணெயும் அழுக்கும் அடைச்சி இருந்ததால நமக்குத் தெரியல. தொடச்சதும் தொறந்துக்கிச்சி, மஞ்சள் உள்ள போயி உக்காந்துக்கிச்சி. அவரு லேசா ஒரு தட்டு தட்டினாரு, மாவா கொட்டுது. அந்தக் கம்ப வெச்சிக்கிட்டாங்க."

"ஐயோ, புள்ள?"

"அழுவுறா. நான் பாத்துக்கறேன் மேடம்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. தங்கியிருந்த இடத்தில் ரம்பம் கேட்டு வாங்கி, காவ்யாவைச் சுவரோரம் நிற்க வைத்து, நெற்றிக்குக் குறி போட்டு, குருநாதர் கொடுத்த தன் கம்பை அறுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். காவ்யா அதை வைத்துக்கொண்டு அரையிறுதி வரை போய்த் தோற்றாள். இதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். ஆனால் அந்த மனுஷன், "நல்ல கம்பு மேடம், யாரு நெத்திக்கும் சரியா வரும்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

இப்போதெல்லாம் விளையாட்டுப் பார்ட்டி யார் வந்தாலும் எங்கே போகிறீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. கையில் என்ன கொண்டுபோகிறீர்கள், அது இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கிறேன். சின்னப் பசங்க இந்த வேலைக்கு வந்தால் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

காவ்யாவின் அம்மா மல்லிகா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. நான் மஞ்சள் பூசுனதாலதான் எம்பொண்ணு கம்பு போச்சா?"

"ஆமா. உன்னாலதான் போச்சு."

அவள் முகம் செத்துப்போயிற்று. கையைப் பிடித்து நாற்காலியில் இழுத்து உட்கார வைத்தேன்.

"முழுசாக் கேளு. அந்தக் கம்பு உள்ளுக்குள்ள மாவாயிருந்துச்சி. அதோட ஆடியிருந்தா எதிராளி போடுற ஒரே அடியில பொளந்து, மூங்கில் சிலாம்பு அவ கண்ணுல பாஞ்சிருக்கும்னு மாஸ்டரே சொன்னாரு. நீ பூசுன மஞ்சள்தான் அதைக் காட்டிக் குடுத்துச்சி."

மல்லிகா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அடுத்த தடவையும் பூசலாமா மேடம்?"

"தாராளமாப் பூசு," என்றேன். "ஆனா புகை போடுறதுக்கு முன்னாடி பூசித் தொலை!"