டிம் ஆகாத ஸ்கூட்டி

இரவில் எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை டிம் பண்ணாமல் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்ற விஷயங்களில் நான் சாதுதான். வங்கி வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால்கூடப் பேசாமல் நிற்பேன். ஆனால் கண்ணுக்குள் ஃபுல் லைட் அடித்தால் போதும், நானும் ஃபுல்லைப் போட்டுப் போட்டு அணைத்து, அவன் என்னைக் கடக்கும்வரை பாடம் படிப்பிப்பேன். அவன் படித்தானா என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கத்தில் லைட் அடித்துக் காட்டினால் ஒருவருக்கும் ‘டிம் பண்ணு’ என்று விளங்காது. ‘முன்னால் பொலிஸ் நிற்கிறது’ என்றுதான் விளங்கும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம் அது. காட்டிய உடனே கையில் தொங்கிய ஹெல்மெட் தலைக்கு ஏறும், மூன்றாவதாக ஏறி வந்தவர் இறங்கி நடப்பார். எனக்கும் இது தெரியும். கோபம் வந்தால் மறந்துவிடும்.

என் மனைவி பழுகாமத்தில் படிப்பிக்கிறாள். வீடு நாவற்குடாவில். தினமும் மண்முனைப் பாலம் கடந்து ஸ்கூட்டியில் போய் வருவாள். பாலத்துக்கு அப்பால் வாவியோரமாக ஒரு நீண்ட துண்டு வீதி. விளக்குக் கம்பம் இல்லை, இருட்டினால் மாடுகள் நடுவீதியில் படுத்துவிடும். அவள் அந்தத் துண்டைப் பத்திரமாகத் தாண்டி வீடு வந்து சேரவேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தினமும் உள்ள கவலை.

“லைட் சுவிச் இறுகிப் போச்சு. ஃபுல்லிலயே நிக்குது, டிம்முக்கு வருகுதில்ல. ஒருக்காப் பாருங்களன்,” என்றாள் ஒரு திங்கட்கிழமை. “நாளைக்குப் பார்ப்பம்,” என்றேன். செவ்வாயும் அதையே சொன்னேன். பகலில் ஓடுகிற ஸ்கூட்டிக்கு லைட் எதற்கு என்பது என் எண்ணம்.

வெள்ளிக்கிழமை புளியந்தீவில் வேலை முடிந்த கையோடு, எங்கள் வயலை உழுகிற மெஷின்காரரைத் தேடி மோட்டார் சைக்கிளில் பாலத்துக்கு அப்பால் போனேன். போனில் கூப்பிட்டால் ‘வாறன்’ என்பார், வரமாட்டார். பாலம் தாண்டும்போதே இருட்டிவிட்டது. கொஞ்ச தூரத்தில் எதிரே ஒற்றை வெளிச்சம், நேராக என் கண்ணுக்குள். நான் டிம் பண்ணிப் பார்த்தேன். அது அசையவில்லை. இரு வாறன் என்று ஃபுல்லை அடித்தேன், மூன்று தரம், நான்கு தரம். அந்த வெளிச்சம் தடுமாறி ஓரத்துக்குப் போய் அணைந்தே விட்டது. கண் கூசியதில் ஆளும் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை. அப்படி வா வழிக்கு என்று முறுக்கிக்கொண்டு போனேன்.

எட்டு மணிபோல வீடு திரும்பினால், மனைவி குசினியில் சுடுதண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு இருக்கிறாள். சேலைக் கரை முழுக்கச் சேறு.

“என்ன புள்ள இது?”

“பள்ளியில கூட்டம், பிந்திற்று. பாலத்துக்கு அங்கால ஒரு மனுசன் லைட் அடிச்சுக் காட்டினார். பொலிஸ் நிக்குது எண்டு விளங்கிற்று. லைசன் மற்ற பேக்குக்குள்ள கிடக்கு, லைட்டும் பழுது. எல்லாத்தையும் நிப்பாட்டிற்று, இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தன். தள்ளிக்கொண்டு வாறவளிட்ட லைசன் கேட்கமாட்டாங்கதானே.”

“இருட்டிலயா?”

“ஓம். ஓரத்தில சேத்துக்குள்ள இறங்கி, ஒரு மாட்டிலயும் முட்டப் பார்த்தன். மறுகா பின்னால ஒரு லொறி வந்திச்சு, ஓட்டினது காத்தான்குடி முஸ்லிம் நானா ஒருத்தர். விசயத்தச் சொன்னன், சிரிச்சார். லொறி நிறைய விறகு, ஸ்கூட்டிய ஏத்த இடமில்ல. ‘தங்கச்சி, நீங்க முன்னுக்குப் போங்க, நான் டிம்மப் போட்டுப் பின்னால வாறன்’ எண்டு பாலம் மட்டும் ஊர்ந்து வந்தார். அங்க பார்த்தா பொலிஸும் இல்ல, ஒண்டும் இல்ல. எழும்பிப் போயிற்றாங்க போல. ஆனா அந்த முதல் மனுசனும் நல்ல மனுசன். எனக்காண்டி எத்தின தரம் அடிச்சுக் காட்டினார். அவர் நல்லா இருக்கோணும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அந்த இடத்தில் வீதிக்கும் வாவிக்கும் நடுவே நாலு எட்டு நிலம்கூட இல்லை. அதில் அவளைக் கண் தெரியாமல் ஆக்கிவிட்டு நான் வெற்றியோடு போயிருக்கிறேன். யாரோ ஒருவர் தாழ்த்திப் பிடித்த வெளிச்சத்தில்தான் அவள் வீடு வந்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சுவிச்சைக் கழற்றி, தூசியைத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். பத்து நிமிட வேலை. டிம், ஃபுல், டிம். மதிலில் வெளிச்சம் இறங்கி ஏறியது.

மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“திங்கக்கிழமையில இருந்து நாளைக்கு, நாளைக்கு எண்ட ஆள், சாப்பிடாமக்கூட நிண்டு செய்றீங்க,” என்றாள். பிறகு என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

“இண்டைக்கு மெஷின்காரரிட்டப் போறன் எண்டீங்கதானே, நீங்க எத்தின மணிக்குப் பாலம் தாண்டினீங்க?”

சொன்னேன். வேறு வழியில்லை.

“அப்ப நல்ல மனுசன் அந்த லொறிக்கார நானா மட்டும்தான்,” என்றாள்.